கடல்காற்று வைத்தியம்

எங்கள் கரையில் காற்றைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளை நான் கண்டதில்லை. கிராம சேவகருக்கு ஒரு கருத்து. கோயில் சுவாமிக்கு ஒரு கருத்து. கொழும்பிலிருந்து குளிரூட்டிய வான் வண்டியில் வந்து, சப்பாத்துக்குள் மணல் போய்விட்டதென்று ஒற்றைக் காலில் நின்று தட்டிக்கொண்டிருந்த ஐயாமாருக்குக் கட்டுக்கட்டாகக் கருத்து. மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தவள் நான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலேயே சொல்கிறேன்.

எனக்கு முட்டு வருத்தம், டொக்டர்மார் ஆஸ்துமா என்பது. சின்ன வயதில் இருந்ததில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அது வரும்போது நெஞ்சுக்குள் ஈரச் சாக்கு ஒன்றைத் திணித்துக் கட்டியது போல இருக்கும். காற்று உள்ளே போகும், வெளியே வராது. டொக்டர் தந்த மருந்துப் பம்பை வாயில் வைத்து அடித்தால் சாக்கு கொஞ்சம் தளரும். அந்தப் பம்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டு வேலையும் செய்தேன், கருவாடும் போட்டேன்.

எங்கள் வீடு கற்பிட்டிப் பக்கம், எத்தாளைக்குக் கிட்ட, கடலோரம். என் புருஷனும் அவருடைய தமையனும் ஒன்றாகத் தொழில் செய்கிறார்கள். ஒன்றாக என்றால், மீன்பிடிப் போட்டு தமையனுடையது, முதுகு என் புருஷனுடையது. போட்டு வைத்திருப்பதால் தமையனை ஊர் சம்மாட்டி என்று கூப்பிடும். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் கதைக்கத் தொடங்கினால் என் புருஷன் தலையாட்டத் தொடங்குவார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் கழுத்து நோகிறது.

கரையோடு தெற்கே பார்த்தால், நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிற இடத்தின் புகைபோக்கி தெரியும். ஆண்டின் நடுவில் தென்மேற்குச் சோளகம் எழும்பினால் அந்தப் பக்கத்துக் காற்று எங்கள் மேல் வரும். தட்டியில் காயும் சாளை மீனின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி படியும். ஊதினால் போகாது. ஒருமுறை நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அந்தச் சாளையைச் சுளகில் போட்டுத் தூக்கிக்கொண்டு பட்டணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போனோம். அங்கே இருந்த ஐயா சுளகைப் பார்க்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார்.

“இது இந்தியாவில இருந்து வாறது, அம்மா.”

“ஐயா, இப்ப காத்து தெக்கால வருது,” என்றேன். “இந்தியாவ எப்ப தெக்குக்குக் கொண்டுபோய் வச்சீங்க?”

என் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு வரச் சொன்னார். பிறகும் போனோம். பிறகும் இந்தியாதான். அவருக்கு மழை பெய்யாவிட்டாலும் இந்தியா, கதிரைக் கால் உடைந்தாலும் இந்தியா.

ஒரு தை மாதம் வந்தது. வாடைக் காலம். மாரி மழை ஓய்ந்து, இயேசு பிறந்த நத்தார் முடிந்து, கோயில் சோடனைகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். அந்த மாதங்களில் எங்கள் மேற்குக் கடல் அமர்ந்து கிடக்கும். வானம் கழுவிய பீங்கான் போல இருக்கும். அந்த வருடம் வானம் வெள்ளையாகிப் போனது. மேகமில்லை, மழையில்லை, வெறும் வெள்ளை. சூரியன் மேலே வந்த பிறகும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். தூரத்துத் தென்னைகள் அழித்துவிட்ட மாதிரி நின்றன. எங்கோ நேற்று எரிந்து இன்று அணைந்துபோன அடுப்பின் வாசனை எந்த நேரமும் இருந்தது. ஊரெல்லாம் இருமல். நான் பம்பை அடிப்பதும் இடுப்பில் செருகுவதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தேன்.

அப்போதுதான் கொழும்பு ஐயாமார் வந்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம். சுவரில் ஒரு படம் போட்டார்கள். மேலே இந்தியா, கீழே நாங்கள், நடுவில் கடல். வடக்கே இருந்து சிவப்பாக ஒரு கறை இறங்கிக் கடலை மூடி எங்கள் மேல் வந்து நின்றது. அந்தப் பக்கத்து ஆலைகள், செங்கல் சூளைகள், வாகனங்கள், அடுப்புகள், எரிக்கிற குப்பை எல்லாவற்றின் புகையையும் வாடைக்காற்று அள்ளிக்கொண்டு கடலுக்கு மேலால் வருகிறதாம். “காற்றுக்கு எல்லை கிடையாது,” என்றார் ஓர் ஐயா. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் வந்தார்? காற்றுக்கு வேலி உண்டு என்று எங்களில் யார் சொன்னது?

“காத்துக்கு இல்லாட்டியும் எங்கட போட்டுக்கு எல்லை இருக்கு ஐயா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “நாங்க தாண்டினா நேவி பிடிக்குது. புகைய ஏன் பிடிக்கேல்ல?”

“இந்தியாக்காரன் றோலர் போட்டில வந்து மீனையும் அள்ளுறான், போகேக்க புகையையும் விட்டுட்டுப் போறானாக்கும்!” என்றது இன்னொன்று.

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து மச்சான் எழும்பினார். அவருக்கு அந்த நேரம் எப்போதும் தெரியும்.

“ஐயா, உங்கட கரி அடுப்ப மறைக்கிறதுக்கு இந்தியாவ இழுக்காதீங்க. நாங்க காத்தில பிறந்து காத்தில வளந்த ஆக்கள். எங்களுக்குக் காத்து படிப்பிக்க வாறீங்களோ?”

கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. கொழும்பு ஐயா எங்கள் கூவலுக்கு நடுவே கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். கூவினவர்களில் நானும் ஒருத்தி. இருந்த கொஞ்ச மூச்சையும் செலவழித்துக் கூவினேன்.

ஐயா அன்று சொன்னது உண்மை. இப்போது அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். கூவினதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. சோளகத்தில் ஒரு கந்தோர் பொய் சொன்னது. அதே பொய் வாடையில் தற்செயலாக உண்மையாக இருந்தது. அதை நம்பாமல் போன குற்றம் எங்கள் தலையில் விழுமா? ஒரே வாயால் இரண்டுக்கும் இந்தியா என்று சொன்னால், எதை எந்த மாதம் நம்புவது என்று நாங்கள் பஞ்சாங்கம் பார்க்கவா? அவர்களுடைய உண்மையை நாசமாக்கினது அவர்கள்தான்.

அதற்காக எங்கள் ஆட்களை விட்டுவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். வாடையில் அந்தப் புகைபோக்கியின் புகை எங்கள் பக்கம் வருவதே இல்லை. அது தெற்கும் மேற்குமாகச் சாய்ந்து கடலுக்குப் போகும். கரையில் நிற்கிற எல்லோரும் தினமும் அதைக் கண்ணால் கண்டார்கள். வலை விடும்போது காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்காக ஒருவரையொருவர் தூஷணத்தில் திட்டிக்கொள்ளும் மனிதர்கள், புகை என்றதும் திசையை மறந்துபோனார்கள். ஏனென்றால் வடக்கே இருப்பது கடல். கடலில் இருந்து அழுக்கு வரும் என்று சொன்னால் எங்கள் கரையில் அது தேவதூஷணம்.

இங்கே முட்டுக்காரரைக் கடலுக்குக் கொண்டுபோவது வழக்கம். பிள்ளை ஒன்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினால் போட்டில் ஏற்றி, கரை மங்கும் தூரத்துக்குக் கொண்டுபோய், காற்றுக்கு முகம் கொடுத்து வைத்திருந்து திருப்பிக்கொண்டு வருவார்கள். நிலத்துக் காற்று அழுக்கு, கடல் காற்று சுத்தம். ஞானோபதேசத்தில் கூட எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு விசுவாசம் கிடையாது. பத்துக் கட்டளையைத் தப்பில்லாமல் சொல்லத் தெரியாதவனும் இதைச் சொல்வான்.

கூட்டம் முடிந்த மறுநாள் எனக்கு மூச்சு மோசமானது. புத்தளத்தில், பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. அங்கே போய்க் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொன்னேன். பையில் சீலைகளை எடுத்து வைத்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மச்சாள், உங்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி இல்ல. காத்து.”

“காத்துதான் மச்சான் என்னக் கொல்லுது.”

“இது கரிக் காத்து. நான் சொல்றது கடல் காத்து. தீவு வாடிக்கு வாங்க. அங்க சிமினி இல்ல, லொறி இல்ல, ஒரு இழவும் இல்ல.”

“ஆஸ்பத்திரியும் இல்ல.”

“காத்து நல்லா இருக்கிற இடத்தில ஆஸ்பத்திரி எதுக்கு?”

தன் கேள்வி தனக்கே பிடித்துப்போய் அவர் என் புருஷனைப் பார்த்தார். என் புருஷன் தலையாட்டினார்.

“நான் அக்காட்டப் போறன்,” என்றேன்.

“புத்தளத்தில என்ன இருக்கு மச்சாள், உப்பும் லொறிப் புகையும்! ஆஸ்பத்திரியில உங்களப் படுக்க வச்சு, குழாயப் போட்டு, முட்டில்லாத ஆக்களுக்கும் முட்ட வர வச்சுடுவானுகள்.”

“அண்ணன் சொல்றதும் சரிதானே புள்ள,” என்றார் என் புருஷன். “கொஞ்ச நாளைக்குப் போய்ப் பாப்பம். சரிவராட்டி அக்காட்டப் போகலாம்.”

இன்னொரு நாளாக இருந்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் சண்டை பிடிக்கவும் மூச்சு வேண்டும். நான்கு சொல்லுக்கு ஒருமுறை நின்று வாங்குகிறவளுடைய கோபம் யாருக்கும் பயம் காட்டாது. சீலைப் பையை அக்கா வீட்டுக்குப் பதிலாகத் தீவுக்குத் தூக்கினார்கள்.

தீவு என்றால் மணலும் பற்றையும். மேற்குக் கடல் அமரும் மாதங்களில் எங்கள் ஆட்கள் அங்கே ஓலைக் கொட்டில் போட்டு இருந்து தொழில் செய்வார்கள். அதைத்தான் வாடி என்பது. ஒரு சிற்றாலயம் உண்டு. தண்ணீர் கரையிலிருந்து போட்டில் வரும். வாடியில் கருவாடு போட்டுக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், மீன் வெட்ட ஆள் போதாது என்பது நான் போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது. மச்சானுடைய வைத்தியத்தில் அந்தப் பகுதியை அவர் சொல்ல மறந்துவிட்டார்.

ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும், மீன் வெட்ட என்னை விடவில்லை. விட முடியாத நிலையில் நான் இருந்தேன். அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு தீவின் வடக்கு முனைக்குப் போனார். அங்கே மறைப்பு ஒன்றுமில்லை. காற்று நேரே கடலுக்கு மேலால் வரும். கதிரையைக் காற்றைப் பார்த்துப் போட்டு என்னை அதில் இருத்தினார். திருநாளுக்குப் புனிதர் சுருபம் வைப்பது போல வைத்தார். சுருபத்துக்காவது குடை பிடிப்பார்கள்.

வலை காயப்போட வருகிறவர்கள், போட்டு தள்ளப் போகிறவர்கள், ஒதுங்கப் போகிறவர்கள், எல்லோரும் என்னைக் கடந்துதான் போகவேண்டும். எல்லோரிடமும் ஒரே சொல்.

“மூச்ச நல்லா இழுங்க அக்கா.”

“நல்லா உள்ளுக்கு இழுங்க. நெஞ்சு நிறைய.”

“வாயத் திறந்து இழுங்க மச்சாள், கடல் காத்து காசு குடுத்தாலும் கிடைக்காது.”

இழுத்தேன். வேறென்ன செய்ய? கதிரையில் உட்கார்ந்து, வடக்கைப் பார்த்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். இந்தியாவின் சூளைகளையும் வாகனங்களையும் குப்பை மேடுகளையும், வேறு யாரும் தொடுவதற்கு முன்னம், முதல் ஆளாக உட்கார்ந்து இழுத்தேன். கரையில் இருந்தபோது நடுவில் தென்னையாவது இருந்தது, சுவராவது இருந்தது. அந்த முனையில் எனக்கும் அந்தப் புகைக்கும் நடுவில் பெரியவர்களின் புத்திமதியைத் தவிர ஒன்றுமில்லை.

வழக்கமாக அந்த முனையிலிருந்து பார்த்தால் பக்கத்துத் தீவு தெரியும் என்றார்கள். அந்த நாட்களில் அது இல்லை. கடலும் இல்லை. கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் முடிந்து வெள்ளை தொடங்கியது. போட்டுகள் அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தன. திரும்பி வரும்போது முதலில் எஞ்சின் சத்தம்தான் வரும். பின்னேரம் சூரியன் கடலைத் தொடவே இல்லை. மேலேயே, பழைய செப்புக் காசு மாதிரி மங்கி, நடு வழியில் காணாமல் போனது. மீன் காயவில்லை. வெட்டிப் போட்டது அப்படியே சதசதவென்று கிடந்தது.

“பனி,” என்றார் மச்சான்.

“பனியில எரிஞ்ச மணம் வருமா?” என்று கேட்டேன். அதற்குள் மூன்று முறை நிறுத்தினேன்.

“அது உங்கட மூக்கில இருக்கிற பழைய மணம். கரி. உள்ளுக்கு இருக்கிறது வெளிய போகேக்க மணக்கும். நல்ல குறி.”

நான் மோசமாக மோசமாக அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டு போனது. இருமினால் கரி வெளியே போகிறது. இழுத்தால் கடல் காற்று உள்ளே போகிறது. நித்திரை இல்லாவிட்டால் நெஞ்சு சுத்தமாகிறது. இப்படி ஒரு வைத்தியரைத் தோற்கடிக்க நோயாளி செத்துத்தான் ஆகவேண்டும். செத்தாலும், நல்ல காற்றில் போனாள் என்பார்.

தமையன் சொல் கேட்பதை என் புருஷன் நிறுத்தவில்லை. ஆனால் தொழிலுக்குப் போய் வந்ததும் நேரே முனைக்கு வந்து என் பக்கத்தில் மணலில் குந்தியிருப்பார். என் முகத்தைப் பார்ப்பார். பம்பை வாங்கிக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பார், உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று. ஆட்டினால் தெரியாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் பம்பை அடித்தேன், சாக்கு தளரவில்லை. மறுபடி அடித்தேன். வெறும் காற்று வந்தது. கையைத் தூக்கி யாரையாவது கூப்பிடப் பார்த்தேன். கை பாதியில் விழுந்தது. மச்சான் கண்டார். ஓடி வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேரைக் கூப்பிட்டு, என்னோடு சேர்த்துக் கதிரையைத் தூக்கி, இன்னும் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

“இன்னும் முன்னுக்கு. காத்து பத்தேல்ல. முன்னுக்குப் போடுங்கடா!”

அலை என் காலைத் தொட்டது. அப்போதுதான் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், சிலாபத்துப் பக்கத்தவள், கையில் கத்தியோடு வந்தாள். அவளுக்கு மச்சான் சம்மாட்டியும் இல்லை, மச்சானும் இல்லை.

“மனுசிட உதடு நீலம் பாஞ்சிட்டுது, நீங்க கதிர ஊர்வலமா நடத்துறீங்க? விடுங்கடா கதிரைய! போட்ட இறக்குங்கடா!”

“ஐஸ் போட்டு இன்னும் மீன் ஏத்தி முடியேல்ல,” என்றார் மச்சான்.

“மீனுக்கு முட்டு இல்ல சம்மாட்டி. அது கிடக்கும்.”

என் புருஷன் என்னை அள்ளித் தூக்கினார். கதிரை கவிழ்ந்து அலையில் கிடந்தது. அதை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

போட்டில் வந்த வழி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மீன் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தேன். மேலே வெள்ளை. எஞ்சின் ஒரு நேரம் மெதுவாகும், ஒரு நேரம் வேகமாகும்; வெளிச்சவீடு தெரிகிறதா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். தெரியவில்லை. கற்பிட்டி ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் போட்டு, அங்கிருந்து அம்புலன்ஸில் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் போகக் கேட்ட இடத்துக்கே, சீலைப் பை இல்லாமல், மீன் செதிளோடு போய்ச் சேர்ந்தேன்.

கண் விழித்த பிறகு டொக்டர் கேட்டாள். சின்னப் பெண், சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைத்தாள்.

“இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க அம்மா?”

“தீவில.”

“என்னத்துக்கு?”

“நல்ல காத்துக்கு.”

அவள் சிரிக்கவில்லை. படுக்கை விரிப்பு மாற்ற வந்த பெண்தான் தலையணை உறையை வாயில் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

“வடக்கில இருந்து புகை வருது அம்மா,” என்றாள் டொக்டர். “மன்னாரிலயும் இதுதான், யாழ்ப்பாணத்திலயும் இதுதான். இந்த வோர்ட்டப் பாருங்க.”

பார்த்தேன். கட்டில் நிறைந்து தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் உடப்பு ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா. இறால் பண்ணைக்காரர்கள் ஓட்டுகிற எஞ்சின் புகைதான் தன்னைப் படுக்கையில் போட்டது என்றார். தரையில் கிடந்த உப்பளத்து மனிதர் ஒருவரின் மனைவி, அடுத்த வீட்டு ராத்தா பிளாஸ்டிக் கொளுத்துகிறாள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றாள். கதவோரத்தில் ஒருத்தி மாமியாரின் விறகு அடுப்பு என்றாள். ஒவ்வொருவரும் கையெட்டும் தூரத்தில் ஓர் எதிரியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த எஞ்சினும் பிளாஸ்டிக்கும் விறகும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு மாவட்டமே மூச்சு வாங்குகிறது, இவர்கள் அடுத்த வீட்டு ராத்தாவைத் தாண்டி யோசிக்கவில்லை. வேலிக்கு அப்பால் பார்க்காத எங்களை ஏமாற்ற ஒரு கந்தோருக்குப் பெரிய மூளை தேவையில்லைதான்.

அக்கா வந்தாள். தன் மகன் மாலைதீவிலிருந்து அனுப்பின குரல் செய்தியைப் போனில் போட்டுக் காட்டினாள். அவன் அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை.

“சின்னம்மாக்குச் சுகமா? இஞ்சயும் வானம் தெரியேல்ல. வெள்ளக்காரர் கடலப் பாக்க வந்திட்டு அறைக்குள்ள இருந்து சண்ட பிடிக்கிறாங்க. இந்தியாப் புகையும் சிலோன் புகையும் சேந்து வருதாம். எங்கட மனேஜர் என்னப் பாத்துக் கேக்கிறான், உங்கட ஊரில என்னத்தடா எரிக்கிறீங்க எண்டு!”

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மூச்சுத்தான் வரவில்லை. எங்கள் புகைபோக்கியின் புகை கடலுக்குப் போவதைக் கரையில் நின்று எத்தனை பேர் பார்த்தோம்! கடலுக்குத்தானே போகிறது, போகட்டும் என்று திரும்பிவிட்டோம். கடலுக்கு அப்பால் ஒருத்தி இருப்பாள், அவளுக்கும் நெஞ்சுக்குள் சாக்கு இருக்கும் என்று யாராவது நினைத்தார்களா? வடக்கே இருக்கிறவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். இதில் அவனென்ன, நாமென்ன.

மச்சான் செவ்விளநீரோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு வோர்ட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

“அந்த முனை சரியில்ல மச்சாள். பனி கூட. சுகமாகினதும் இன்னும் வெளித் தீவு ஒண்டு இருக்கு, அங்க போவம். அங்க காத்து வேற.”

உடப்பு அம்மா என்னிடம் குனிந்து கேட்டார், “இது ஆரு, உங்கட ஆளோ?”

“என்ட ஆளிட ஆள்,” என்றேன்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னாள், வானம் வெள்ளையாக இருக்கிற நாட்களில் வெளியே போகக்கூடாது, கதவு ஜன்னல்களைச் சாத்தவேண்டும், புதிதாகத் தந்த பம்பை இழுப்பு வந்தாலும் வராவிட்டாலும் காலையும் மாலையும் அடிக்கவேண்டும். அக்கா வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டேன். அங்கேயும் இதே காற்றுத்தான் என்றாள். அப்படியென்றால் எங்கே போவது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. பதில் தெரியாவிட்டால் வாயை மூடத் தெரிந்த ஒரே ஆளை அந்த வருடம் அங்கேதான் கண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். வானம் இன்னும் வெள்ளை. என் புருஷன் ஜன்னல்களைச் சாத்தினார். அறைப் பக்கக் கதவைச் சாத்தினார். பிறகு கடல் பக்கக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். மீன்பிடிக்கிற வீட்டில் அந்தக் கதவு பகலில் சாத்துவதில்லை. வீட்டு ஆள் கடலில் செத்துப்போனால்தான் சாத்துவார்கள். சாத்தியிருந்தால் ஊர் கூடி ஒப்பாரிக்கு வரும். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு சாத்தினார்.

மச்சான் வர அதிக நேரம் எடுக்கவில்லை. வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஆரடா செத்தது? என்னத்துக்குக் கதவப் பூட்டிக்கிடக்குது?”

ஒரு தள்ளுத் தள்ளித் திறந்தார். வெள்ளையும் எரிந்த மணமும் அவரோடு சேர்ந்து உள்ளே வந்தன. நான் கட்டிலில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது எந்தக் கரியில் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டிருந்தேன்.

“காத்த அடைச்சு வச்சா மனுசிக்கு எப்பிடி மூச்சு வரும்? உனக்கு மூளை இல்லையோடா?” என்று தம்பியைக் கேட்டார்.

நான் தலையாட்டலுக்காகக் காத்திருந்தேன். என் புருஷன் எழும்பினார். தமையனின் தோளில் கையை வைத்தார். தள்ளவில்லை. ஆனால் மச்சான் பின்னால் போனார், ஒரு அடி, இன்னொரு அடி, வாசல்படி தாண்டி மணலுக்கு.

“அண்ணன், கோவிக்காதீங்க. இது என்ட வீடு.”

“டேய்!”

“புகை நிண்டாப் பிறகு வாங்க. மீன் வச்சுத் தாறம்.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். அடியில் இருந்த இடைவெளியில் தன் பழைய சாரத்தை மடித்துச் செருகினார். இதைச் செய்ய அவருக்கு ஒரு பெண்சாதி நீலமாகவேண்டி இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்குச் சொல்லவுமில்லை.

வெளியே மச்சான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இவர்களுக்குக் கடல் காத்து ஒத்துக்கொள்ளுதில்லை, பட்டணத்து டொக்டர் மண்டையைக் கழுவிவிட்டாள் என்று. பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். மச்சானும் இருமினார்.

“பிளேன்டீ ஊத்தவா?” என்று என் புருஷன் கேட்டார்.

“காஸ் அடுப்பில ஊத்துங்க,” என்றேன். “விறகு வைக்காதீங்க.”